ஒரு மாதம் ஒரே மூச்சில் வேண்டாம், வாரம் 2 நாள் அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் உளவியல் முதுகலை படிக்கும் மாணவர்கள் இன்டர்ன்ஷிப்புக்காகச் சிறப்புப் பள்ளிகளுக்கும், மாற்றுத்திறன் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வருகிறார்கள். பெரும்பாலும் ஒரு மாதம், ஒரே மூச்சில். இதில் நாங்கள் கேட்கும் மாற்றம் ஒன்றுதான்: அதே நாள்களை வாரத்துக்கு 2 ஆகப் பிரித்து, ஜூலை முதல் வாரம் தொடங்கி 12 வாரத்துக்கு விரித்துவிடுங்கள். மொத்தம் 24 நாள். கல்லூரிக்குக் கூடுதல் செலவு இல்லை, காலாண்டுத் தேர்வோடு முடிந்தும்விடும்.

இப்போதைய கணக்கில் செமஸ்டர் விடுமுறை மே மாதத்தில் வந்தால் பள்ளி பூட்டிக் கிடக்கிறது. நவம்பர், டிசம்பர் என்றால் நம் கரையில் மழைக்காலம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த பிறகு எத்தனை நாள் பள்ளி இல்லை என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். திறந்த பிறகும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் வழக்கத்துக்குத் திரும்ப நாளாகும். அந்த வாரத்தில் எடுக்கும் எந்தப் பதிவையும் நம்ப முடியாது.

நாள் குறைந்தால் பயிற்சி மாணவர் எதைப் பிடித்துக்கொள்வார்? டெஸ்ட் பெட்டியைத்தான். வந்த 2-ஆம் நாளே ஐ.க்யூ. எடுக்கிறார்கள். பள்ளியும் அதையே கேட்கிறது, ஏனென்றால் எண் ஒன்று கிடைத்தால் பதிவேட்டில் எழுதலாம். தவறு இங்கேதான் தொடங்குகிறது. செகுவின் ஃபார்ம் போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். மரப்பலகையின் குழிகளில் பொருத்த 10 வடிவங்கள், 3 முறை வாய்ப்பு, அதில் மிகக் குறைந்த நேரம்தான் மதிப்பெண். போன மாத முகாமில் இதே பலகையை வைத்து விளையாடிய பிள்ளைக்கு இந்த மாதம் நேரம் குறைவாகத்தான் வரும். ஃபிட்ஸ் மாத்திரை போட்டுத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு நேரம் கூடுதலாக வரும். காலையில் என்ன மாத்திரை, கடைசியாக எப்போது ஃபிட்ஸ் வந்தது, கண்ணும் காதும் பரிசோதித்தாயிற்றா என்று அம்மாவிடம் கேட்காமல் ஸ்டாப்வாட்சை அழுத்தக் கூடாது.

பிள்ளைகளின் அறிவுத்திறனை அளக்கும் மிசிக் டெஸ்டில் எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பகுதியிலும் இதே கதைதான். ஒரு விநாடிக்கு ஒரு எண், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்ல வேண்டும். புதிதாக வருபவர்கள் மொபைல் எண் சொல்வதுபோல் இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சேர்த்துச் சொன்னால் நினைவில் வைப்பது எளிது, மதிப்பெண் ஏறிவிடும். சொற்களுக்குப் பொருள் கேட்கும் பகுதியை ஆங்கிலத்திலிருந்து அந்த நேரத்தில் தமிழாக்கிக் கேட்டால் கேள்வியின் கடினமே மாறிப்போகிறது. சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்து வராந்தாவில், சாம்பார் வாசனை வரும் 12 மணிக்கு நடத்தும் டெஸ்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இப்படி வந்த எண் ஒரு பிள்ளையின் கோப்பில் பல வருடம் தங்கிவிடுகிறது என்பதுதான் எங்கள் வேதனை.

ஆகவே முதல் 2 வாரம் டெஸ்ட் பெட்டி வேண்டாம். பிள்ளையைப் பார்க்கட்டும். ஒரு பயிற்சி மாணவருக்கு 2 பிள்ளைகள் போதும். சென்னையில் உருவான மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம் என்ற திறன் மதிப்பீட்டுப் பட்டியல் பல சிறப்புப் பள்ளிகளில் இருக்கிறது. 18 துறைகள், ஒவ்வொன்றிலும் எளிதிலிருந்து கடினம் வரை 20 வரிகள், மொத்தம் 360. சாப்பிடுவது, உடுத்துவது, பேசுவது, பணம் கையாள்வது எல்லாம் அதில் வரும். அம்மாவோடும் ஆசிரியரோடும் உட்கார்ந்து இதை நிரப்பினால் பிள்ளை எங்கே நிற்கிறது, அடுத்த படி எது என்று தெரிந்துவிடும்.

நடத்தைப் பிரச்சினைக்கும் கவனித்துப் பார்ப்பதுதான் முதல். கணக்கு நேரத்தில் சிலேட்டை எறியும் ஒரு பையன் என்று வைத்துக்கொள்வோம். தாளில் 3 கட்டம் போட வேண்டும்: முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பின்னால் என்ன நடந்தது. ஒவ்வொரு எறிதலுக்கும் ஒரு வரி. எத்தனை முறை என்று எண்ண விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். வலது பையில் 10 புளியங்கொட்டை, ஒவ்வொரு முறைக்கும் ஒன்றை இடது பைக்கு மாற்றினால் போதும், பாடமும் கெடாது. 5 நாள் பதிவையாவது சேர்த்துப் படித்தால் ஒரு வழக்கம் தெரியும். 10 கணக்கு மொத்தமாகக் கரும்பலகையில் எழுதப்படுகிறது, சிலேட்டு பறக்கிறது, அவனை வெளியே அனுப்புகிறார்கள், அவன் வேப்பமரத்தடியில் நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறான். தண்டனை என்று நாம் நினைத்தது அவனுக்கு விடுதலை. அவன் எறிவதற்குக் காரணமும் அதுதான்.

காரணம் தெரிந்துவிட்டால் வழியும் தெரியும். 10 கணக்கு 3 ஆகட்டும். சிலேட்டுக்குப் பதில் நோட்டு கொடுங்கள். 'போதும்' என்று ஒரு அட்டை செய்து, எறிவதற்கு முன்பே அதைக் காட்டச் சொல்லிப் பழக்குங்கள். காட்டியவுடன் 2 நிமிடம் ஓய்வு, தாமதமே கூடாது. எறிந்தால் மட்டும் வெளியே போக விடக் கூடாது. இங்கே ஒரு எச்சரிக்கை: முதல் 3, 4 நாள் எறிவது கூடத்தான் செய்யும். பழைய வழி ஏன் பலிக்கவில்லை என்று அவன் அழுத்திப் பார்க்கிறான். ஆசிரியர் பயந்து 4-ஆம் நாள் பழையபடி வெளியே அனுப்பிவிட்டால், பலமாக எறிந்தால்தான் பலன் என்று அவன் கற்றுக்கொள்வான். முன்னைவிட மோசமாகும். இந்த 4 நாளைத் தாண்டுவதற்குத்தான் ஆசிரியருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் தேவை. ஒரு மாதப் பயிற்சியில் பதிவு எடுத்துத் திட்டம் போடும்போதே நாள் முடிந்துபோகிறது. 12 வாரம் என்றால் 2 வாரம் பார்வை, ஒரு வாரம் திட்டம், 7 வாரம் நடைமுறை, கடைசி 2 வாரம் ஒப்படைப்பு. வாரத்தின் மீதி நாள்களில் ஆசிரியரே திட்டத்தை நடத்துவார் என்பதால் அது அவருடையதாகவும் ஆகிவிடும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக எழுதும் தனிநபர் கல்வித் திட்டத்தில் 'கவனத்தை மேம்படுத்துதல்' என்று இலக்கு எழுதுவதை நிறுத்தச் சொல்லுங்கள். யாரும் அதை அளக்க முடியாது. 'பெயர் சொல்லிக் கூப்பிட்டால் 5 முறைக்கு 4 முறை, 5 விநாடிக்குள் திரும்பிப் பார்ப்பான்' என்று எழுதினால் ஆயா அம்மாகூடச் சரிபார்க்கலாம். அறிக்கையும் தமிழில் ஒரே பக்கம் இருக்கட்டும். ஆங்கிலத்தில் 12 பக்கம் எழுதியது கல்லூரி மதிப்பெண்ணுக்குத்தான் உதவும், வகுப்பாசிரியர் கையில் அது நிற்காது.

கையெழுத்து விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டம் 1992-இன்படி பதிவு பெற்றவர்தான் மருத்துவ உளவியலாளராகப் பணி செய்யலாம். பயிற்சி மாணவர் எடுத்த டெஸ்டை அப்படிப் பதிவு பெற்ற மேற்பார்வையாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் வேண்டி வரும் பெற்றோரிடம் பயிற்சி மாணவரின் தாளைக் கொடுத்து அனுப்பினால் அரசு மருத்துவமனையில் அது செல்லாது. ஒரு நாள் கூலியை விட்டு, 2 பஸ் மாறிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

எல்லையோர ஊர்களுக்கு இன்னொன்றும் உண்டு. பாகூர், கிருமாம்பாக்கம் பக்கம் ஒரு தெரு புதுச்சேரி என்றால் சற்றுத் தள்ளி கடலூர் மாவட்டம். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது சி.பி.எஸ்.இ., இந்தப் பக்கம் மாநிலப் பாடத்திட்டம். பொதுத்தேர்வில் எழுத்தர் (பிள்ளை சொல்லச் சொல்ல விடை எழுதுபவர்), கூடுதல் நேரம் என்று கேட்கும் விண்ணப்பமும் விதியும் வாரியத்துக்கு வாரியம் வேறு. 10-ஆம் வகுப்பில் அலைவதைவிட 8-ஆம் வகுப்பிலேயே எந்த வாரியம், என்ன தாள் என்று கேட்டுக் கோப்பில் குறித்துவைப்பது பயிற்சி மாணவர் செய்யக்கூடிய நல்ல வேலை.

பிள்ளைகளோடு படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது அறவே கூடாது.

கடைசியாகப் பிரிவு. வாராவாரம் பக்கத்தில் உட்கார்ந்த அக்காவோ அண்ணனோ ஒரு திங்கட்கிழமை வராமல் போனால், பேச்சு வராத பிள்ளை அதைக் கையைக் கடித்துத்தான் சொல்லும். முடிவதற்கு 2 வாரம் முன்பே சுவரில் ஒரு நாள்காட்டி மாட்டி, வரும் நாள்களில் பயிற்சி மாணவரின் படத்தை ஒட்டி, ஒவ்வொரு நாளும் பிள்ளையின் கையாலேயே பெருக்கல் குறி போட வையுங்கள். கடைசிக் கட்டத்துக்கு அடுத்த கட்டத்தில் வகுப்பாசிரியரின் படம் இருக்கட்டும்.

அடுத்த கல்வியாண்டுக்கான ஒதுக்கீட்டுக் கடிதங்களில் தேதிகளை மாற்றி எழுத, உளவியல் துறைத் தலைவர்களும் இரு பக்கத்துக் கல்வி அதிகாரிகளும் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்தால் போதும். அந்தக் கூட்டத்தை ஏப்ரலுக்குள் கூட்டும்படி தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிறப்புக் கல்வி, உளவியல் பணியில் உள்ளோர்,
கடலூர்.