'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடுவது மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழில் வாராவாரம் வரும் ஆங்கிலப் பாடப் பகுதியை விடாமல் படிக்கிறவன் நான். போன வாரம் 'புட் ஆஃப்' என்பதற்குத் 'தள்ளிப்போடு' என்று பொருள் சொல்லி, கூட்டத்தைத் தள்ளிப்போட்டார்கள் என்று ஒரே ஒரு உதாரணமும் கொடுத்து முடித்துவிட்டீர்கள். தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் அது பாதிதான், அதுவும் சுலபமான பாதி.

அந்த ஒற்றைப் பொருளை மனப்பாடம் செய்த மாணவர் நாளைக்கே ஒரு கதையில் 'தி ஸ்மெல் புட் மீ ஆஃப்' என்று படித்தால் என்ன செய்வார்? நாற்றம் என்னைத் தள்ளிப்போட்டது என்றா? அங்கே சொல்லவருவது, அந்த நாற்றத்தில் எனக்குச் சாப்பிடும் ஆசையே போய்விட்டது, குமட்டிக்கொண்டு வந்தது என்பது. 'டோன்ட் பி புட் ஆஃப் பை தி பிரைஸ்' என்றால் விலையைப் பார்த்து மிரண்டு பின்வாங்காதே என்று அர்த்தம். இதில் எதையும் யாரும் இன்னொரு நாளுக்கு ஒத்திவைக்கவில்லை.

இத்தனை அர்த்தத்தையும் எப்படி நினைவில் வைப்பது என்று பலர் மலைக்கிறார்கள். பட்டியலை உருப்போடவே வேண்டாம். 'புட்'டுக்கும் 'ஆஃப்'புக்கும் நடுவிலோ பின்னாலோ நிற்பது ஒரு காரியமா, ஒரு ஆளா என்று மட்டும் முதலில் பாருங்கள். கூட்டம், தேர்வு, பயணம், முடிவு மாதிரி ஏதாவது காரியமாக இருந்தால் அநேகமாகத் தள்ளிப்போடுவதுதான். ஆளாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும், அப்போது அதைச் செய்வது யார் அல்லது எது என்று பார்த்தால் விஷயம் பிடிபட்டுவிடும். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கப் போனவர் 'ஹீ கெப்ட் புட்டிங் மீ ஆஃப்' என்கிறார் என்று வையுங்கள். நாளைக்கு வா, அடுத்த வாரம் பார்க்கலாம், கையில் காசு இல்லை என்று ஏதாவது சாக்குச் சொல்லி இழுத்தடித்தான் என்று பொருள். விலை, நாற்றம், ஒருவருடைய அலட்டல் பேச்சு மாதிரி ஒன்று அதைச் செய்தால் மனம் விட்டுப்போயிற்று, பிடிக்காமல் போயிற்று. கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறவர் பக்கத்தில் முணுமுணுத்துப் பாடுகிறவரிடம் 'ஸ்டாப் ஹம்மிங், யு ஆர் புட்டிங் மீ ஆஃப்' என்று எரிந்து விழுந்தால், நீ பாடுவதில் எனக்குக் கவனம் சிதறுகிறது என்கிறார். அதே இரண்டு சொல்தான், ஆனால் யார் அல்லது எது யாரை என்ன செய்கிறது என்பதில்தான் அர்த்தமே இருக்கிறது. இதை நீங்கள் ஒரு வரியில் சொல்லியிருந்தாலே போதும்.

அப்புறம் 'கால் ஆஃப்' விஷயம். இது பாடப் பகுதிக்கு மட்டுமல்ல, உங்கள் செய்திப் பக்கத்துக்கும் சேர்த்துத்தான். 'புட் ஆஃப்' என்றால் ஒத்திவைப்பு, அதாவது இன்னொரு நாள் நடக்கும். 'கால் ஆஃப்' என்றால் ரத்து, அதுவே வேலைநிறுத்தம் என்றால் வாபஸ். ஆங்கிலத்தில் வரும் செய்தியைத் தமிழாக்கும் அவசரத்தில் இரண்டிலும் 'ஆஃப்'பைப் பார்த்துவிட்டு மாற்றிப் போட்டால், பணம் கட்டி நுழைவுச்சீட்டு வாங்கியவர் அதை வைத்திருப்பதா, திருப்பிக் கொடுத்துக் காசை வாங்குவதா என்று தெரியாமல் முழிப்பார்.

இலக்கணத்தில் இரண்டு இடத்தில்தான் பெரும்பாலும் சறுக்குகிறோம். கூட்டத்தை 'புட் ஆஃப் தி மீட்டிங்' என்றும் சொல்லலாம், 'புட் தி மீட்டிங் ஆஃப்' என்றும் சொல்லலாம். ஆனால் 'இட்', 'மீ', 'ஹிம்' மாதிரி சொல் வந்தால் அது நடுவில்தான் உட்கார வேண்டும். 'புட் இட் ஆஃப்' சரி, 'புட் ஆஃப் இட்' தப்பு. இன்னொன்று, பின்னால் வினைச்சொல் வந்தால் அது 'இங்' வைத்துத்தான் வரும். பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே என்பதற்கு 'டோன்ட் புட் ஆஃப் கோயிங்' என்பார்கள். 'புட் ஆஃப் டு கோ' என்பதில்லை. இதற்கு மேல் விதி எதுவும் பெரிதாக இல்லை.

விளக்கை அணைப்பதற்கும் 'புட் ஆஃப் தி லைட்' என்று நம்மில் பலர் சொல்கிறோம். அது தவறு என்று அடித்துச் சொல்கிறவர்களை நம்பவேண்டாம், பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இருந்த பழைய வழக்குதான் அது. இன்றைக்கு 'டர்ன் ஆஃப்', 'ஸ்விட்ச் ஆஃப்' இரண்டும்தான் பரவலாகக் காதில் விழுகின்றன. தீயை அணைப்பது மட்டும் 'புட் அவுட்', அங்கே 'ஆஃப்' கிடையாது.

இதெல்லாம் நமக்கு மட்டும்தான் கஷ்டம் என்று மாணவர்கள் நினைக்கவேண்டாம். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வெளிநாட்டவரை மிக அதிகமாகத் திணறவைப்பது 'கம் ஆஃப்', 'கிவ் ஓவர்', 'டேக் ஆஃப்' மாதிரி, வினையோடு ஒரு சின்னச் சொல் ஒட்டி வரும் இந்தச் சேர்க்கைகள்தான் என்று எழுதிவைத்திருக்கிறார். இவற்றுக்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரை எழுத்தாளர் லோகன் பியர்சால் ஸ்மித் அச்சில் ஏற்றியதோ 1925-இல். பெயரே இல்லாமல் 170 வருஷம் ஆட்களைப் படுத்தியிருக்கிறது! ஆனால் தமிழ் பேசுகிறவருக்கு இது அப்படியொன்றும் அந்நியமான ஏற்பாடு இல்லை. 'கண்டுபிடி'யில் காண்பதும் பிடிப்பதும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறதே, 'விட்டுக்கொடு' என்பதில் விடுவதையும் கொடுப்பதையும் தனித்தனியாகப் பார்த்தால் அந்த அர்த்தம் வருமா? அவ்வளவு ஏன், நீங்கள் எழுதிய 'தள்ளிப்போடு'விலும் 'புட்'டுக்குச் சரியாக 'போடு' இருக்கிறது. பாடம் எழுதுகிறவர் இதைக் காட்டி ஆரம்பித்தாலே மாணவருக்குப் பாதி பயம் போய்விடும்.

அடுத்த வாரம் 'புட் அப் வித்' என்று அறிவித்திருக்கிறீர்கள். 'சகித்துக்கொள்' என்று ஒரு வரி போட்டு நிறுத்திவிடாதீர்கள். 'வித்' இல்லாமல் 'புட் அப்' மட்டும் வந்தால் விருந்தாளியைத் தங்கவைப்பது, சுவரொட்டி ஒட்டுவது, விலையை ஏற்றுவது என்று வேறு எங்கெங்கோ போய்விடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியமாவது கொடுங்கள். இடம் போதாவிட்டால் அந்த வாரக் குறுக்கெழுத்தைச் சின்னதாக்கினாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்