மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு வாரத்தைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனச்சோர்வு பற்றி உங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகளை விடாமல் படிப்பவள் நான். எல்லாமே ‘தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள்’ என்று முடிகின்றன. நான் தயங்காமல்தான் போனேன். மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். அதைப் போட ஆரம்பித்ததும் உடம்பு என்ன பாடு படும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. ஆறாம் நாளே நிறுத்திவிட்டேன்.

தையல் என் தொழில். கொடுத்தது செர்ட்ராலின், முதல் வாரம் 25 மில்லிகிராம், அடுத்து 50 என்று எழுதியிருந்தது. முதல் நாளே குமட்டல். மூன்றாம் நாள் ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தால் கை நடுங்குகிறது. நூல் முனையை எச்சில் தொட்டு முறுக்கலாம் என்றால் நாக்கில் ஈரமே இல்லை, வாய் அப்படிக் காய்ந்து கிடந்தது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் விடியும்வரை தூக்கம் கிடையாது. மனசு மட்டும் பழையபடியே இருந்தது, படபடப்பு வேறு கூடிப்போனது. இருக்கிற நோய் போதாதென்று புதிதாக ஒன்றை வாங்கிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

நிறுத்தியதை யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரம் போயிற்று. அந்த நாட்களில் இருந்த நிலையை இங்கே எழுத மனசில்லை. அக்காதான் கையைப் பிடித்து வேறொரு மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அவர் ஐந்து நிமிடம் பேசினார். இந்த மாத்திரை செரட்டோனின் என்ற வேதிப்பொருள் வழியாக வேலை செய்கிறது. உடம்பிலுள்ள செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. அதனால் வயிறு முதல் நாளே முரண்டு பிடிக்கும், மனசு தேற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுப் பலன் தெரிய ஆறு, எட்டு வாரம்கூட ஆகலாம் என்றார். குமட்டல், தலைவலி, நடுக்கம் எல்லாம் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தணிந்துவிடுமாம். இந்த ஐந்து நிமிடம் முதலிலேயே கிடைத்திருந்தால் நான் நிறுத்தியிருக்க மாட்டேன்.

மறுபடி தொடங்கியபோது 25 மில்லிகிராமையே இரண்டு வாரம் வைத்து, பிறகு கூட்டினார். வெறும் வயிற்றில் போடாமல் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டேன். தூக்கம் கெடுபவர்களுக்குக் காலையில், தூங்கி வழிபவர்களுக்கு இரவில் என்று நேரத்தை அவரே மாற்றித் தருவாராம். தையல் அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தினமும் ஒரு வரி எழுதினேன். ‘4ஆம் நாள்: குமட்டல், மதியம்வரை.’ ‘9ஆம் நாள்: அரை மணி நேரம்.’ ‘13ஆம் நாள்: இல்லை.’ அந்தப் பக்கம் இல்லாவிட்டால் குறைந்துவருவதே தெரிந்திருக்காது. சோர்வில் கிடப்பவருக்கு நேற்று எப்படி இருந்தோம் என்பதுகூட நினைவில் நிற்பதில்லை.

எல்லாமே தானாகச் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. தாம்பத்திய ஆர்வம் குறைந்தது எனக்குச் சரியாகவில்லை. அதைச் சொல்லப் போய் இரண்டு முறை சொல்லாமலே திரும்பி, மூன்றாம் முறைதான் வாய் திறந்தேன். பலரும் சொல்வதுதான், அளவை மாற்றலாம், வேறு மாத்திரை பார்க்கலாம் என்றார் மருத்துவர்.

பொறுத்துக்கொண்டு இருக்கவே கூடாதவையும் உண்டு. சாக வேண்டும் என்ற எண்ணம் புதிதாக வந்தாலோ கூடினாலோ, ஓரிடத்தில் உட்கார முடியாமல் தவித்தாலோ, தூக்கமே வேண்டாம் என்கிற அளவுக்குத் திடீர் வேகம் வந்தாலோ, காய்ச்சலோடு உடம்பு விறைத்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். இந்த வகை மருந்துகளால் சிறுவர்களுக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கையைக் கட்டம் போட்டு அச்சிடும்படி 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. 2007இல் அது 24 வயது வரையுள்ள இளைஞர்களுக்கும் விரிந்தது. அதற்காக இளையவர்களுக்கு மருந்தே வேண்டாம் என்று வீட்டில் முடிவெடுத்துவிடக் கூடாது. முதல் சில வாரம் யாராவது பக்கத்தில் இருந்து கவனித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நிறுத்துவதும் மருத்துவர் சொல்படி, கொஞ்சம் கொஞ்சமாக. பல நாள் போட்டதைச் சட்டென்று விட்டால் தலைசுற்றலும், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வும் வரலாம்.

அடுத்த முறை மனச்சோர்வு பற்றிக் கட்டுரை வெளியிடும்போது, ‘மருத்துவரைப் பாருங்கள்’ என்ற வரிக்குக் கீழே இதற்கும் ஒரு பத்தி இடம் ஒதுக்குங்கள். ஆறாம் நாள் மாத்திரை அட்டையைத் துணிகளுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் யாராவது அதைப் படிக்கக்கூடும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி