அட்டைப் பரிமாற்றம்: படம் போடும் முன்

உறுப்பினர்களுக்கு வணக்கம். போக்கிமான் என்னும் கற்பனை உயிரினங்களை வைத்து ஆடும் விளையாட்டின் அட்டைகளைப் பரிமாற்றத்துக்கு வைப்பவர்கள் முன்புறம், பின்புறம் இரண்டையும் படமெடுத்துப் போடுங்கள். விளிம்பு வெளுத்திருந்தால் நீல நிறப் பின்புறத்தில்தான் பளிச்சென்று தெரியும். கீழ் ஓரத்தில் உள்ள எண்ணும் குறியும் தெளிவாக விழட்டும்: வட்டம் சாதாரணம், சாய்சதுரம் சற்று அரிது, நட்சத்திரம் அரிது. இதை அறியாத சிறுவர்களிடம் பளபளப்பான வேறோர் அட்டையைக் காட்டி அரிய அட்டையை வாங்கிக்கொள்வது அநியாயம். அப்படிப்பட்ட பரிமாற்றத்தை இங்கே அனுமதிக்க மாட்டேன்.

விளையாட வருபவர்கள் 60 அட்டைகள் கொண்ட கட்டுடன் வாருங்கள். ஒரே பெயரில் 4க்கு மேல் கூடாது. உயிரினம் தாக்குவதற்கு வேண்டிய ஆற்றலைத் தரும் அடிப்படை ஆற்றல் அட்டைகளுக்கு இந்த வரம்பு இல்லை. உயிர்ப்புள்ளியின் (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்ணின்) அளவைப் பார்த்து மட்டும் உயிரினத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பலவீனமும் (எந்த வகை எதிரியிடம் கூடுதல் அடி படும் என்பது) பின்வாங்கும் செலவும் (களத்திலிருந்து அதை விலக்கக் கொடுக்க வேண்டிய ஆற்றல்) அதே அட்டையின் அடியில் அச்சாகியிருக்கின்றன. அவற்றையும் படித்துவிட்டுக் கட்டை அடுக்குங்கள்.