1358-ஐ விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ‘பால்டர்ஸ் கேட் 3’ கணினி விளையாட்டைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் பேன், பாஹல், மிர்க்கல் என்ற மூன்று கெட்ட கடவுள்களை ‘செத்தும் சாகாத மூவர்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கட்டுரையாளர் நகர்ந்துவிட்டார். எப்போது செத்தார்கள், யார் கொன்றது என்று கேட்க வேண்டாமா? நான் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மூலப்பத்திரம் பார்க்காமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை. மகன் விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். இப்போது அந்த உலகத்தின் பழங்கதையை அவனுக்குச் சொல்வதே நான்தான்.

விளையாட்டின் கதை அந்த உலகக் கணக்கில் 1492-இல் நடக்கிறது. மூவரும் செத்தது 1358-இல். அங்கேயும் நம் பிரபவ, விபவ மாதிரி வருடத்துக்குப் பெயர் உண்டு. இது ‘நிழல்களின் ஆண்டு’. கடவுளர் ஒவ்வொருவரின் வேலையும் எழுதி வைத்திருக்கும் விதிப் பலகைகளைப் பேனும் மிர்க்கலும் திருடிவிடுகிறார்கள். எல்லாக் கடவுளருக்கும் மேலே இருக்கும் ஏஓ, கோபத்தில் அத்தனை பேரையும் பூமிக்குத் தள்ளி, பலகைகள் திரும்பி வராமல் யாரும் மேலே வரக்கூடாது என்றுவிடுகிறார். ஹெல்ம் ஒருவனுக்கு மட்டும் மேலே ஏறும் படிக்கட்டில் காவல் வேலை. மந்திரத்துக்கு அதிபதியான மிஸ்ட்ரா, பலகை இல்லாமலே ஏறப் பார்க்கிறாள். ஹெல்ம் அவளைக் கொன்றுவிடுகிறான். அப்புறம் மந்திரம் சொன்ன பேச்சு கேட்குமா? ஒன்றைச் சொன்னால் வேறொன்று நடக்கிறது. சில இடங்களில் அடியோடு செத்துப்போகிறது.

பேன், டாந்த்ராஸ் ஊரில் டார்ம் என்ற கடவுளோடு மோத, இருவரும் மாண்டார்கள். பாஹலை போரஸ்கிர் பாலத்தில் சிரிக் என்ற சாதாரணத் திருடன் வெட்டிச் சாய்த்தான். கீழே ஓடிய ஆறு கறுத்துக் கெட்டுப்போனது. மிர்க்கலை வாட்டர்டீப் நகரில் மிட்நைட் என்ற மந்திரக்காரி முடித்தாள். அவள் புதிய மிஸ்ட்ரா ஆனாள், சிரிக் மூவரின் பதவியையும் சுருட்டிக்கொண்டான். சாவு வருவது முன்பே தெரிந்த பாஹல், ஊரெல்லாம் பிள்ளை பெற்று வைத்திருந்தான். 1998-இல் வந்த முதல் ‘பால்டர்ஸ் கேட்’ அப்படி ஒரு பிள்ளையின் கதைதான்.

சரி, இவ்வளவும் ஏன் ஒரே வருடத்தில்? எட் கிரீன்வுட் சிறுவயதிலேயே கற்பனை செய்த அந்த உலகத்தை, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டுக்காக, அதை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம் 1987-இல் பெட்டியில் போட்டு விற்றபோது கதை 1357-இல் நின்றது. 1989-இல் அந்த விளையாட்டின் விதிப்புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு வந்தது. மந்திர விதிகள் மாறின. கூலிக்குக் கொல்பவன் என்ற பாத்திர வகையே எடுக்கப்பட்டது. நேற்றுவரை விளையாடிய ஆள் இன்று எங்கே என்று ஆட்டக்காரர்கள் கேட்பார்களே! பேன் தன் பலத்துக்காக அந்தக் கொலையாளிகளின் உயிரையெல்லாம் எடுத்துக்கொண்டான் என்று எழுதிவிட்டார்கள். எங்கள் அலுவலக வழக்கில் இதற்குப் பெயர் பிழைதிருத்தல் பத்திரம். ஆனாலும் இதை எழுதியவர்களை மெச்சத்தான் வேண்டும்; விதி மாறியதற்குச் சொன்ன சாக்கு, கதையாகவும் நிற்கிறது.

அடுத்து செய்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 2008-இல் நான்காம் பதிப்பு. உடனே கதையில் 1385-ஆம் வருடம் மறுபடி மிஸ்ட்ரா கொலை, இந்த முறை சிரிக் கையால். மந்திரமே கொள்ளைநோயாகி ஊர்கள் அழிகின்றன, கதையும் ஏறக்குறைய நூறு வருடம் தாவுகிறது. ஆட்டக்காரர்கள் கொதித்துப் போனார்கள். 2014-இல் ஐந்தாம் பதிப்பு வந்ததும் அவளைத் திரும்பவும் உட்கார வைத்தார்கள். பாவம் அந்தம்மா.

விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதுவது நல்ல விஷயம், நிறுத்திவிடாதீர்கள். ஆனால் அடுத்த முறை எழுதுகிறவரிடம் கதைச் சுருக்கத்தோடு, அது எந்தப் பதிப்புக்காக யார் எழுதியது என்றும் இரண்டு வரி கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திரப்பதிவு ஊழியை,
திண்டுக்கல்