ஸாலிப்யே: பூ வரையும் ஊர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். குளிர் விட்டுவிட்டது, ஸ்வெட்டரையெல்லாம் துவைத்து உள்ளே வைத்துவிட்டேன். அப்பாவின் கால்வலி எப்படி இருக்கிறது என்று அடுத்த முறை பேசும்போது மறைக்காமல் சொல்.

போன ஞாயிறு என்னோடு வேலை செய்யும் பெண் காரில் ஸாலிப்யே என்ற கிராமத்துக்குக் கூட்டிப்போனாள். இங்கே போலந்தில், கிராக்கோவுக்குக் கிழக்கே, டார்னூவ் நகரத்துக்கு வடக்கே இருக்கிறது. சின்ன ஊர்தான். வயல், தள்ளித்தள்ளி வீடுகள், ஒரு சர்ச். ஆனால் அந்த வீடுகளை நீ பார்க்கவேண்டும் அம்மா! எல்லா வீட்டிலும் ஓவியம் இல்லை. இருக்கிற வீட்டிலோ சுவர், ஜன்னல் ஓரம், கிணறு, நாய்க்கூண்டு என்று ஒன்றையும் விடாமல் பூ வரைந்திருக்கிறார்கள். பெரும்பாலும் அந்தந்த வீட்டுப் பெண்களின் கைவேலை.

அந்தக் காலத்தில் அங்கே வீடுகளுக்குப் புகைபோக்கி கிடையாதாம். அடுப்புப் புகை உள்ளேயே சுற்றிவிட்டுக் கூரை ஓட்டை வழியாகப் போகும். விறகடுப்போடு மல்லுக்கட்டிய உனக்குச் சுவர் என்ன ஆகும் என்று தெரியும். பெண்கள் அந்தக் கரிமேல் சுண்ணாம்பைப் புள்ளி புள்ளியாக வைத்து மறைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் புகைபோக்கி வந்தது, சுவர் வெளுத்தது. அப்புறம் புள்ளியெல்லாம் பூவாகிவிட்டது. கரி, களிமண், சுண்ணாம்பு இவைதான் அன்றைய சாயம். மாட்டு வால்முடியைக் குச்சியில் கட்டினால் பிரஷ்.

இதை வெளியூர்க்காரர்களும் அறியச் செய்தவர் ஃபெலிட்ஸ்யா ட்சுரிவோவா. 1904-ல் பிறந்து 1974-ல் இறந்தவர். அவர் வீடு இப்போது மியூசியம். உத்தரம், அடுப்பு எல்லாம் பூ. அடுப்புப் பக்கம்தான் நான் அதிக நேரம் நின்றேன். இதழ் ஒன்றுக்கு ஒரே இழுப்பு, ஓரத்தில் மட்டும் சாயம் கொஞ்சம் தடித்திருக்கிறது. அளவுகோல் வைத்த அடையாளமே இல்லை.

போர் முடிந்து ஊர் நொந்து கிடந்தபோது, 1948-ல், சிறந்த வீட்டுக்கு முதல் போட்டி வைத்தார்கள். இன்றும் வருடாவருடம், நற்கருணைப் பெருவிழா என்ற கத்தோலிக்கத் திருவிழாவை ஒட்டி நடக்கிறது. நடுவர்கள் வீடுவீடாக வந்து பார்ப்பார்கள். அதற்கு முன்னால் மழையில் மங்கியதற்கெல்லாம் புதுச்சாயம் ஏறும். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்: சுற்றுலாக்காரர்கள் வந்துபோகிறார்கள், ஆனால் அந்த வீடுகளில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், கொடியில் துணி காய்கிறது.

அந்தத் திருவிழா மே கடைசியிலோ ஜூனிலோ வரும். அடுத்த வருடம் நீயும் அப்பாவும் அதற்குத் தோதாக வாருங்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க இப்போதே கொடுத்துவிடு, தள்ளிப்போடாதே. படங்களைத் தம்பி போனுக்கு அனுப்பியிருக்கிறேன், கேட்டு வாங்கிப் பார்.

அன்புடன்,
உன் மகள்