சீன மூலிகைத் தேநீர்: உள்ளே இருப்பதை அறிந்து குடிப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் செட்டிநாட்டு ஊர்களுக்கு வரும் உறவினர்கள் கோடாலித் தைலத்தோடு இப்போது சீன மூலிகைத் தேநீர்ப் பொட்டலங்களையும் கொண்டுவந்து தருகிறார்கள். உடல் சூடு தணியும், எடை குறையும், மூட்டுவலி போகும் என்று சொல்லித் தரப்படும் இவற்றைக் குடிப்பதில் எடுத்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கைகளைத் தங்கள் நாளிதழ் வழியாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

சீன மருத்துவத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அங்கே வைத்தியர் நாடியும் நாக்கும் பார்த்து, இன்னாருக்கு இன்ன மூலிகை, இத்தனை நாள் என்று வகுத்துத்தான் கொடுக்கிறார். நம்மிடம் வந்து சேர்வதோ வைத்தியர் இல்லாத வெறும் பொட்டலம். அதைக் காப்பிக்குப் பதிலாகக் காலையும் மாலையும் மாதக்கணக்கில் குடிப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

எங்கள் வளவில் இருக்கும் ஆச்சி ஒருவர் இரத்த அழுத்தத்துக்கும், நீர் பிரிவதற்கும் மாத்திரை எடுத்துக்கொள்பவர். மகள் கொண்டுவந்த தேநீரை விடாமல் குடித்து வந்தவருக்குக் கணுக்கால் வீங்கி, மாடிப்படி ஏற முடியாத அளவுக்குக் கால் தளர்ந்தது. இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் மிகவும் குறைந்திருந்தது. சீன எழுத்துகளுக்குக் கீழே பொடி எழுத்தில் அச்சாகியிருந்த ஆங்கிலப் பட்டியலை மருத்துவர் படித்தபோது, முதலில் இருந்தது அதிமதுரம். இருமலுக்கு ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வதும், அதையே நாள்தோறும் கொதிக்கவைத்துக் குடிப்பதும் ஒன்றல்ல. அதிலுள்ள கிளைசிரைசின் என்னும் பொருள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். நீர் பிரியும் மாத்திரை, இதயத்துக்கான டிகாக்சின் ஆகியவற்றோடு சேரும்போது இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். பல சீன மருந்துக் கலவைகளில் அதிமதுரம் சேர்கிறது என்பதால் இரத்த அழுத்த நோயாளிகள் இதை முதலில் கவனிக்க வேண்டும்.

எடை குறைக்கும் தேநீர் என்று விற்கப்படுபவை பலவற்றில் இருப்பது, நம் திருநெல்வேலிச் சீமையில் விளையும் நிலாவாரை இலை. அது பேதியாக்கி நீரை வெளியேற்றுமே தவிரக் கொழுப்பைக் கரைக்காது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைப்பதற்காகச் சீன மூலிகைப் பொடி சேர்ந்த மருந்தை உட்கொண்ட பெண்களில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதானது. பெயர் ஒற்றுமையால் ஒரு மூலிகைக்குப் பதிலாக, நம் ஆடுதின்னாப்பாளையின் இனத்தைச் சேர்ந்த வேறொன்று கலந்துவிட்டதே காரணம். அந்த இனத்திலுள்ள அரிஸ்டலோகிக் அமிலம் புற்றுநோயையும் உண்டாக்கக்கூடியது. மருந்துச் சரக்கு வணிகத்தில் இருப்பவர்களே ஏமாறக்கூடிய இடத்தில், உதிரியாகக் கட்டிய பொட்டலத்தை நாம் எப்படி நம்புவது?

மூட்டுவலிக்கென்று வருபவற்றில் இன்னும் கடுமையான ஆபத்து உண்டு. அவற்றில் சேரக்கூடிய அகோனைட் வேர், நம் வைத்தியர்கள் நச்சு நீக்கிச் சுத்தி செய்யாமல் கையாளாத நாபி என்னும் நச்சு மூலிகையின் இனம். 2017-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், ஒரே கடையில் வாங்கிய மூலிகைத் தேநீரைக் குடித்த இருவர் ஒரு மணி நேரத்துக்குள் தளர்ந்து, இதயத் துடிப்புத் தாறுமாறாகித் தீவிர சிகிச்சைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பெண்மணி இறந்துபோனார். குடித்த சிறிது நேரத்தில் உதடும் நாக்கும் மரத்துப்போனாலோ, கைகால் தளர்ந்து படபடப்பு வந்தாலோ, கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் 108-ஐ அழைத்து, மீதித் தேநீரையும் பொட்டலத்தையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் சிறுநீரக, கல்லீரல் நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடவே கூடாது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு, சீன மூலிகையான டாங் குவாய் வேர் இரத்தக் கசிவை உண்டாக்கலாம். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் இத்தகைய தேநீரைக் குடித்துவருவதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சாமந்திப்பூத் தேநீர் சாதுவானதுதான். ஆயினும் பூ மகரந்தம் ஒவ்வாதவர்களுக்கு அதுவும் தடிப்பையும் மூச்சுத் திணறலையும் தரலாம். பச்சிளங்குழந்தைகளுக்கு மூலிகைத் தேநீர் எதையும் சங்கில் புகட்டுவது அறவே கூடாது. குழந்தைகளின் மஞ்சள் காமாலையை மோசமாக்குகிறது என்ற அச்சத்தால், ஹுவாங்லியன் என்னும் மூலிகையைச் சிங்கப்பூர் அரசே 1978-இல் தடைசெய்து, பல்லாண்டுகள் கழித்தே தடையை நீக்கியது.

கடையில் வாங்குவோர், இறக்குமதியாளரின் முகவரியும், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் முத்திரையுடன் 14 இலக்க உரிம எண்ணும் பொட்டலத்தில் உள்ளனவா என்று பார்த்து வாங்க வேண்டும். பயணப் பெட்டியில் வந்த பொட்டலத்தில் இவை இருக்காது. அதன் படத்தை மருத்துவரிடம் காட்டிக் கேட்டபின் குடிக்கலாம்.

சிவகங்கை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள், உதிரியாகவும் உள்ளடக்கப் பட்டியல் இன்றியும் விற்கப்படும் மூலிகைத் தேநீர்களைச் சோதித்து நடவடிக்கை எடுக்க வேண்டும். உள்ளிருக்கும் மூலிகைகளின் பெயர்களைத் தமிழில் அச்சிட்டு ஒட்ட வணிகர்கள் முன்வர வேண்டும். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் சித்த மருத்துவர் ஒருவரையும் பொது மருத்துவர் ஒருவரையும் இதுபற்றி எழுதச் செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
காரைக்குடி.