தோற்றால் என்ன செய்கிறது என்றும் ஓட்டிப் பாருங்கள்: சி லேப் மேனுவல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் சி மொழிக்குப் பாடத்திட்டம் வகுக்கும், லேப் மேனுவல் எழுதும், செய்முறைத் தேர்வுக்கு வினா அமைக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம்.

பல லேப் மேனுவல்களில் எல்லாப் பயிற்சிகளும் ஒரே அச்சில் வார்த்தவை: நோக்கம், அல்காரிதம், நிரல், மாதிரி அவுட்புட், கடைசியில் நிரல் வெற்றிகரமாக இயங்கியது என்று ஒரு வரி. இந்த அமைப்பில் நிரல் தோற்பதற்கு இடமே கிடையாது. கேட்ட ஃபைல் எப்போதும் இருக்கும், கேட்ட மெமரி எப்போதும் கிடைக்கும், எண் கேட்டால் பயனர் எண்ணையே தருவார். நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு பயிற்சியிலும் நிரல் தோற்கும்போது என்ன செய்கிறது என்பதையும் ஓட்டிப் பாருங்கள், அதற்கும் மதிப்பெண் வையுங்கள்.

ஜாவாவிலும் பைத்தானிலும் எக்ஸெப்ஷன் உண்டு. கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் நிரல் சத்தம் போட்டுவிட்டு நிற்கும். சியில் அந்தக் காவல் இல்லை. தோல்வியைச் சொல்ல ஒரு ஃபங்ஷனுக்குப் பெரும்பாலும் இருக்கும் ஒரே வழி, அது திருப்பித் தரும் மதிப்பு. அதை வாங்கிப் பார்க்காவிட்டால் தோல்வி நடந்த சுவடே இருக்காது. நிரல் தவறான தரவோடு தொடர்ந்து ஓடும், பார்க்க அழகான அவுட்புட்டும் தரும்.

முதல் வாரத்திலேயே வரும், பயனர் தட்டுவதை வாங்கும் ஸ்கேன்எஃப்பை எடுத்துக்கொள்வோம். எத்தனை மதிப்புகளை வாங்கிச் சேமித்தது என்ற எண்ணிக்கையை அது திருப்புகிறது. இரண்டு எண் கேட்டு ஒன்று மட்டும் சரியாக வந்தால் 1, முதலிலேயே எழுத்து வந்தால் 0, எதுவும் வாங்குமுன் உள்ளீடு தீர்ந்துவிட்டால் அதைக் குறிக்கும் இஓஎஃப் என்ற மதிப்பு. எங்கள் கண்ணில் பட்ட மேனுவல் நிரல்களில் இந்த எண்ணிக்கையை யாரும் பார்ப்பதில்லை. மெனு நிரலில் ஒருவர் எண்ணுக்குப் பதில் ஓர் எழுத்தைத் தட்டினால் ஸ்கேன்எஃப் அதை எடுக்காமல் அப்படியே விட்டுவிடும். லூப் மறுபடி வந்து அதே எழுத்தில் முட்டும், மெனு நிற்காமல் ஓடும். மாணவர் "சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு" என்பார். இதற்கு மருந்தாக உள்ளீட்டு ஸ்ட்ரீமை எஃப்ஃப்ளஷ் (தேங்கிய அவுட்புட்டை வெளியே தள்ளும் ஃபங்ஷன்) செய்யச் சொல்லித் தருவதும் வழக்கம். அவுட்புட்டுக்காக உள்ள ஃபங்ஷனை இன்புட்டில் போட்டால் என்ன ஆகும் என்று சி தரநிலை வரையறுக்கவே இல்லை. ஒரு கம்பைலரில் நடக்கும், இன்னொன்றில் நடக்காது.

சரியான வழி, ஒரு முழு வரியை எஃப்கெட்ஸால் வாங்கி, அதை எண்ணாக மாற்றும் ஸ்டர்-டு-எல்லிடம் கொடுப்பது. அதே வேலைக்கு உள்ள ஏ-டு-ஐ வேண்டாம். "0" என்று தந்தாலும் "அஆஇ" என்று தந்தாலும் அது 0 என்றே சொல்லும், வித்தியாசம் தெரிய வழியில்லை. ஸ்டர்-டு-எல்லை அழைக்குமுன் எர்நோவை (தோல்வியின் காரண எண் வைக்கப்படும் மாறி) 0 ஆக்க வேண்டும். அழைத்தபின், எதுவரை படித்தது என்று காட்டும் முடிவுப் பாயிண்டர் தொடக்கத்திலேயே நின்றால் இலக்கமே இல்லை என்று பொருள். அது நிற்கும் இடத்தில் வரிமுடிவைத் தவிர வேறு ஏதாவது இருந்தால் எண்ணுக்குப் பின் குப்பை இருக்கிறது. எர்நோவில் வரம்பு மீறல் எண் (லினக்ஸில் 34) இருந்தால் மதிப்பு லாங்கில் அடங்கவில்லை. 64 பிட் லினக்ஸில் லாங் 64 பிட், இன்ட் 32 பிட். ஆகவே இன்ட்டில் போடுமுன் அதன் வரம்பையும் தனியாகப் பார்க்க வேண்டும். இதைப் பத்து வரி ஃபங்ஷனாக ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் வருடம் முழுக்க எல்லாப் பயிற்சிக்கும் அதுவே போதும்.

எர்நோ பற்றிப் புத்தகங்களில் ஒரு பத்தி இருக்கும், ஆனால் அதன் ஒழுங்கு சொல்லித்தரப்படுவதில்லை. நூலக ஃபங்ஷன் எதுவும் எர்நோவை 0 ஆக்காது. அதில் இருப்பது எப்போதோ நடந்த வேறொரு தோல்வியின் எச்சமாகவும் இருக்கலாம். எனவே ஃபங்ஷன் தோற்றதாகத் தன் திருப்பு மதிப்பில் சொன்ன பிறகுதான் எர்நோவைப் பார்க்க வேண்டும், பார்ப்பதையும் உடனே பார்க்க வேண்டும். இடையில் ஒரு பிரிண்ட்எஃப் போட்டால், அது வெற்றியாக முடிந்தாலும் எர்நோவை மாற்றிவிடலாம், தரநிலை அதை அனுமதிக்கிறது. ஃபைல் திறக்காத இடத்தில் சம்பந்தமே இல்லாமல் "இன்அப்ராப்ரியேட் ஐஆக்டில் ஃபார் டிவைஸ்" என்ற செய்தி வந்தால், பெரும்பாலும் யாரோ பழைய எர்நோவைத் தாமதமாக அச்சிட்டிருக்கிறார்கள்.

ஃபைல் பயிற்சிகளில் எஃப்ஓபன் நல் (எதையும் சுட்டாத பாயிண்டர்) தருகிறதா என்று பார்ப்பதைப் பல மேனுவல்கள் சொல்கின்றன. அதற்கு நன்றி. ஆனால் அடுத்த இரண்டு வரிகளில் வந்த பலன் போய்விடுகிறது. "ஃபைல் இல்லை" என்று பிரிண்ட்எஃப்பால் எழுதிவிட்டு எக்சிட்(0) போடுகிறார்கள். ஃபைல் இல்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? லினக்ஸில் எர்நோ 2 என்றால்தான் அது இல்லை. 13 என்றால் ஃபைல் இருக்கிறது, அனுமதி இல்லை. 21 என்றால் எழுதத் திறந்தது ஃபைல் அல்ல, டைரக்டரி. 24 என்றால் இந்த நிரலே ஃபைல்களைத் திறந்து மூடாமல் விட்டிருக்கிறது. நான்குக்கும் வைத்தியம் வேறு. பிஎரர் என்ற ஃபங்ஷனுக்கு ஃபைல் பெயரைக் கொடுத்தால் காரணத்தை அதுவே சொல்லிவிடும்.

அந்த எக்சிட்(0) இன்னும் மோசம். 0 என்றால் வெற்றி என்று கட்டளைகளை ஓட்டும் ஷெல்லுக்கும், நிரல்களைக் கம்பைல் செய்யவைக்கும் மேக்குக்கும் பொருள். ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் வேலைகளில் முதல் நிரல் தோற்று 0 சொன்னால், அடுத்தது வெற்று ஃபைலை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும். தோல்விக்கு 1 போதும். நுணுக்கமாகச் செய்ய விரும்பினால் உரை தேடும் கிரெப் கட்டளையைப் பார்க்கலாம்: கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, கோளாறு என்றால் 2. யூனிக்ஸ் வழி அமைப்புகளில் இந்த எண்ணின் கீழ் 8 பிட்களே ஷெல்லுக்குப் போய்ச் சேரும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். "எத்தனை பிழையோ அதையே திருப்புகிறேன்" என்று எழுதினால் 256 பிழைகள் வந்த அன்று நிரல் வெற்றி பெற்றதாகிவிடும். வாய்ட் மெயின் என்று எழுதுவதை விட வேண்டிய முக்கியக் காரணமும் இதுவே. திருப்ப மதிப்பே இல்லாத மெயின், நடந்தது என்ன என்று யாரிடமும் சொல்ல முடியாது.

பிழைச் செய்தி, அதற்கென்று தனியாக உள்ள ஸ்டாண்டர்ட் எரருக்குப் போக வேண்டும். ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் போட்டால், அவுட்புட்டை ஃபைலுக்குத் திருப்பியவர் திரையில் எதையும் பார்க்க மாட்டார், செய்தி தரவுக்குள் கலந்து கிடக்கும். வடிவத்துக்கு க்னூ திட்டத்தின் குறிமுறை விதிகள் நல்ல முன்மாதிரி: நிரலின் பெயர், முக்காற்புள்ளி, பிறகு செய்தி. உள்ளீட்டு ஃபைலில் பிழை என்றால் ஃபைல் பெயரும் வரி எண்ணும். செய்தியின் முடிவில் முற்றுப்புள்ளி வேண்டாம் என்றுகூட அங்கே எழுதியிருக்கிறார்கள். வெறுமனே "எரர்" என்று அச்சிடும் நிரலுக்கு முழு மதிப்பெண் போடாதீர்கள்.

படிக்கும் லூப்பில் இரண்டு பழைய நோய்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. எஃப்இஓஎஃப் (ஃபைல் தீர்ந்ததா என்று சொல்லும் ஃபங்ஷன்) உண்மையாகாத வரை ஓடு என்று எழுதும் லூப், கடைசி வரியை இரண்டு முறை கையாளும். படிக்க முயன்று தோற்ற பிறகுதான் எஃப்இஓஎஃப் உண்மையாகும், முன்கூட்டியே அல்ல. படிக்கும் ஃபங்ஷனின் திருப்பு மதிப்பே லூப்பின் நிபந்தனையாக இருக்க வேண்டும். லூப் முடிந்தபின் எஃப்எரரைக் கேட்டு, ஃபைல் தீர்ந்ததா, டிஸ்க் கோளாறா என்று பிரித்தறிய வேண்டும். மற்றது, ஒவ்வொரு பைட்டாகப் படிக்கும் கெட்சி தருவதை, ஒரு பைட் மட்டுமே கொள்ளும் சார் மாறியில் வாங்குவது. இஓஎஃப்பின் மதிப்பு நடைமுறையில் -1. சார் குறியுள்ள (குறை எண்ணும் ஏற்கும்) வகையாக இருந்தால் 255 என்ற பைட்டும் -1 ஆகத் தெரிந்து ஃபைல் பாதியில் "முடிந்துவிடும்". ஆர்ம் செயலிகளில் ஓடும் லினக்ஸில் சார் குறியற்றது, அங்கே இஓஎஃப்போடு ஒப்பிடுவது ஒருபோதும் பொருந்தாது, லூப் முடியவே முடியாது. யுடிஎஃப்-8இல் 255 என்ற பைட் வராது. அதனால் தமிழ் உரை ஃபைலில் சோதித்தால் எல்லாம் சரியாகத் தெரியும், படத்தைக் காப்பி செய்யும்போது உடையும்.

எழுதும் பக்கம்தான் முழுக்கக் கைவிடப்பட்டது. எஃப்பிரிண்ட்எஃப் வெற்றி என்று சொல்வது டிஸ்க்கில் எழுதியாயிற்று என்பதற்குச் சான்று அல்ல, பஃப்பரில் (மெமரியில் உள்ள தற்காலிக இடம்) வைத்தாயிற்று என்பதே அதன் பொருள். அந்தப் பஃப்பர் பொதுவாக 4,096 பைட் கொண்டது. சிறிய ஃபைல் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். டிஸ்க்கில் இடமில்லை என்ற உண்மை எஃப்க்ளோஸ் பஃப்பரைக் கொட்டும்போதுதான் வெளிப்படும். அந்த எஃப்க்ளோஸின் மதிப்பை மேனுவலில் யாரும் பார்ப்பதில்லை. இதை லேபில் ஒரே வரியில் காட்டலாம். லினக்ஸில் /டெவ்/ஃபுல் என்ற சாதனம் இதற்கென்றே இருக்கிறது: எதை எழுதினாலும் எர்நோ 28, இடமில்லை. முதல் பாடத்து "ஹலோ வேர்ல்ட்" நிரலின் அவுட்புட்டை அதற்குத் திருப்பி, பிறகு எக்கோ $? போட்டு, நிரல் ஷெல்லுக்குத் திருப்பிய எண்ணைப் பாருங்கள். ஒரு எழுத்துகூட எழுதப்படவில்லை, ஆனால் பதில் 0. மெயினின் முடிவில் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டை எஃப்ஃப்ளஷ் செய்து, அது தோற்றாலோ எஃப்எரர் உண்மையாக இருந்தாலோ பிஎரர் போட்டு 1 திருப்பினால் சரியாகும். மூன்று வரி.

மெமரி கேட்டு வாங்கும் மாலாக்கைப் பொறுத்தவரை நல் சோதனையோடு நின்றால் போதாது. வாங்கிய பிளாக்கின் அளவை மாற்றும் ரியலாக்கின் பதிலை அதே பாயிண்டரில் வாங்கினால், தோற்றபோது பழைய பிளாக் விடுவிக்கப்படாமல் இருக்கும், அதன் முகவரி மட்டும் தொலையும். தற்காலிகப் பாயிண்டரில் வாங்கிப் பார்த்துவிட்டு மாற்ற வேண்டும். லினக்ஸ் இருப்பதைவிட அதிகமாக மெமரி வாக்குக் கொடுக்கும் பழக்கம் உடையது, அதனால் லேபில் நல் எளிதில் வராது. யூலிமிட் -வி கொடுத்து வரம்பு வைத்தால் வரும்.

இரண்டு ஃபைலும் ஒரு பிளாக்கும் கையில் இருக்கும்போது நடுவில் தோற்றால் எதை மூடுவது? இங்கே கோட்டூ (வேறு வரிக்குத் தாவும் கட்டளை) கெட்டது என்ற பாடத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஃபங்ஷனின் அடியில் லேபிள்கள் வைத்து, வாங்கிய வரிசைக்குத் தலைகீழாக விடுவித்துக்கொண்டு வெளியேறுவதை லினக்ஸ் கெர்னலின் குறிமுறை ஆவணமே பரிந்துரைக்கிறது.

அதே ஆவணத்தில் இன்னொரு விதி உண்டு, அதை மேனுவலின் முதல் பக்கத்தில் போடலாம். பெயர் ஒரு செயலாக இருந்தால் ஃபங்ஷன் பிழை எண்ணைத் திருப்பட்டும்: வெற்றிக்கு 0, தோல்விக்குக் குறை எண். பெயர் ஆம்-இல்லைக் கேள்வியாக இருந்தால் ஆம் என்பதற்கு 1, இல்லை என்பதற்கு 0. இவ்விரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று உண்டு. ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தில் டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்கும் ஒரு ஃபங்ஷன் சரி என்றால் 1, தவறு என்றால் 0, உள்கோளாறு என்றால் -1 தரும். அழைத்த இடங்களில் "0 இல்லையென்றால் சரி" என்று எழுதியிருந்தார்கள். உருக்குலைந்த கையொப்பம் -1 தந்தது, நிரல் அதைச் சரி என்று ஏற்றது. 2009 ஜனவரியில் வெளியான பாதுகாப்பு அறிவிப்பு இது, எண் சிவிஇ-2008-5077. 2014இல் க்னூடிஎல்எஸ் என்ற இன்னொரு குறியாக்க நூலகத்திலும் இதே வகை: ஆம்-இல்லை சொல்ல வேண்டிய ஃபங்ஷன் குறை எண்ணைத் திருப்ப, அது ஆம் ஆயிற்று. எழுதியவர்கள் யாரும் கற்றுக்குட்டிகள் அல்ல. நூலகங்களுக்குள்ளும் ஒருமை இல்லை. த்ரெட்களைக் கையாளும் பித்ரெட் ஃபங்ஷன்கள் பிழை எண்ணை நேரடியாகத் திருப்புகின்றன, எர்நோவைத் தொடுவதில்லை, அவற்றின் பின் பிஎரர் போட்டால் வருவது பொய்க் காரணம்.

கம்பைலரே பாதி வேலையைச் செய்துவிடும். ஜிசிசியில் -டபிள்யூஆல், -டபிள்யூஎக்ஸ்ட்ரா, -ஓ2 மூன்றையும் கட்டாயமாக்குங்கள். உபுண்டுவில் இப்படிக் கம்பைல் செய்தால் ஸ்கேன்எஃப்பின் மதிப்பைப் புறக்கணித்ததற்கே எச்சரிக்கை வரும். பழைய டர்போ சி கம்பைலரை இன்னும் வைத்திருக்கும் லேபுகளில் இது எதுவும் நடக்காது. கெட்ஸ் என்ற ஃபங்ஷன் 2011 தரநிலையிலேயே நீக்கப்பட்டது. அதைக் கொண்ட நிரல்களை மேனுவலிலிருந்தும் எடுத்துவிடலாம்.

முதலாண்டு மாணவருக்கு இது பாரம் என்பீர்கள். தோல்வி வழியே இல்லாத நிரலை நாற்பது தடவை ரெக்கார்டு நோட்டில் எழுதிப் பழகியவருக்கு அதை மறக்கவைப்பதுதான் பெரிய பாரம். எல்லாப் பயிற்சியையும் அடுத்த பதிப்பிலேயே மாற்ற முடியாவிட்டால், ஃபைல் காப்பி பயிற்சி ஒன்றை மட்டும் எடுங்கள். செய்முறைத் தேர்வில் சரியான அவுட்புட்டைப் பார்த்தபின் அதே நிரலை இன்னும் ஐந்து முறை ஓட்டச் சொல்லுங்கள்: மூலமாக உண்மையில் இல்லாத ஒரு ஃபைல், படிக்க அனுமதி இல்லாத ஃபைல், மூலமாக ஒரு டைரக்டரி, இலக்காக /டெவ்/ஃபுல், மூலமும் இலக்கும் ஒரே பெயர். டைரக்டரியைப் படிக்கத் திறக்க எஃப்ஓபன் சம்மதித்துவிடும், தோல்வி படிக்கும்போதுதான் வரும். கடைசியதில், எழுதத் திறந்த நொடியே மூலம் காலியாகிவிடும். ஐந்திலும் செய்தி ஸ்டாண்டர்ட் எரரில் வருகிறதா, அதில் ஃபைல் பெயரும் காரணமும் உண்டா, எக்கோ $? 0 அல்லாத எண் காட்டுகிறதா என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். ஒரு எச்சரிக்கை: லேபில் எல்லோரும் ரூட் கணக்கில் நுழைந்திருந்தால் அனுமதிச் சோதனை வேலை செய்யாது. ரூட்டுக்கு எல்லா ஃபைலும் திறக்கும். சாதாரணக் கணக்கு ஒன்று உருவாக்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சி நிரல் எழுதுவதையும் பிறர் எழுதியதைத் திருத்துவதையும் தொழிலாகக் கொண்ட சிலர்